24 மணி நேரப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையை மேற்பார்வையிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேருந்தோ, மெட்ரோவோ, புறநகர் ரயிலோ, பயணிகளின் பாதுகாப்பையும் வண்டிகளின் ஓட்டத்தையும் இரவு பகலாகக் கவனிக்கும் ஓர் அறை எங்காவது விழித்துக்கொண்டிருக்கும். அந்த அறையில் பல வருடம் டெஸ்க்கில் உட்கார்ந்துவிட்டு, ஒருநாள் திடீரென்று ஷிஃப்ட் முழுவதற்கும் பொறுப்பாளர் ஆகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. நானும் அப்படி மாறியவன்தான். அன்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று நினைப்பதை இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்த அறையில் நாள் முழுவதும் என்னதான் நடக்கிறது?

ஓட்டுநர், நடத்துநர், நிலையப் பணியாளர், காவலர், பயணி என்று பல பக்கமிருந்து தகவல் வருகிறது. போன், ஒயர்லெஸ், சிசிடிவி, அவசர பட்டன், தீ அலாரம் எல்லாம் அதன் வழிகள். வந்ததைப் புரிந்துகொண்டு, சரியான ஆளை அனுப்பி, வண்டிகளை நிறுத்துவதா ஓட்டுவதா என்று முடிவெடுத்து, அத்தனையையும் பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலான நேரம் அது தவறவிட்ட பை, வாய்த்தகராறு, மயங்கி விழுந்தவர், மூடாத கதவு. மீதி நேரத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

நான் நல்ல டிஸ்பாட்சர் (தகவலை வாங்கி வண்டிக்கும் ஆளுக்கும் கட்டளை அனுப்பும் டெஸ்க் ஆபரேட்டர்). மேற்பார்வையாளர் ஆனபின் என்ன மாறும்?

கை சும்மா இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இதுதான் கடினம். பெரிய சம்பவம் வந்ததும் பழைய பழக்கத்தில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாமே பேசத் தோன்றும். ஆபரேட்டரைவிட நாம் வேகமாகவும் பேசுவோம். ஆனால் நாம் ஒரு சேனலில் பேசத் தொடங்கிய நொடியிலிருந்து மற்ற நான்கு டெஸ்க்குகளை யாரும் பார்ப்பதில்லை. இரண்டாவது சம்பவம் வருவது அப்போதுதான்.

அதனால் எழுந்து நில்லுங்கள். யார் குரல் உயர்கிறது, யார் ஒரே திரையை வெறித்துக்கொண்டிருக்கிறார், யாருக்கு மூன்று போன் காத்திருக்கிறது என்று பாருங்கள். ஒருவருடைய சுமையை இன்னொருவருக்கு மாற்றிவிடுங்கள். முடிவெடுக்கத் தயங்குகிறவரிடம் போய், "நிறுத்துங்கள், பொறுப்பு என்னுடையது" என்று அவர் காதில் விழும்படி சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் மேற்பார்வையாளருக்குச் சம்பளம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் தகவல் அரைகுறையாக வருகிறது. உறுதி ஆகும்வரை காத்திருப்பதா, உடனே வண்டியை நிறுத்துவதா?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். முதல் சந்தேகத்துக்கும் உறுதிக்கும் நடுவே இருக்கும் சில நிமிடங்களை ஓர் அறை எப்படிச் செலவழிக்கிறது என்பதில்தான் உயிர்கள் இருக்கின்றன. போக்குவரத்தில் நடந்த பெரிய விபத்துகளின் விசாரணைகளைப் படித்தால் அந்தச் சில நிமிடங்கள் திரும்பத் திரும்ப வரும்.

1987 நவம்பர் 18, லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையம். மர எஸ்கலேட்டருக்கு அடியில் சேர்ந்திருந்த கிரீஸிலும் குப்பையிலும் தீப்பிடித்தது. இரவு ஏழரை மணி வாக்கில் ஒரு பயணி அதைக் கண்டு சொன்னார். சுமார் 15 நிமிடம் கழித்து டிக்கெட் ஹால் மொத்தமும் ஒரே வீச்சில் பற்றியது. 31 பேர் இறந்தார்கள். அந்த நிறுவனத்தில் சிறு தீக்களைத் தீ என்றே சொல்ல மாட்டார்கள், 'புகைச்சல்' என்று பொருள்படும் ஒரு சொல்தான் புழக்கத்தில் இருந்தது. பெயரைச் சிறிதாக்கினால் அவசரமும் சிறிதாகிவிடும். உங்கள் அறையிலும் அப்படியொரு செல்லப்பெயர் இருக்கிறதா என்று தேடிப்பாருங்கள். இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள்.

2003 பிப்ரவரி 18, தென் கொரியாவின் தேகு நகரம். சுரங்க நிலையத்தில் நின்றிருந்த ரயிலுக்குள் ஒருவர் தீ வைத்தார். சில நிமிடங்களுக்குள் எதிர்த்திசை ரயில் அதே நிலையத்துக்குள் வந்து எரியும் ரயிலுக்குப் பக்கத்தில் நின்றது. மின்சாரம் போனதால் நகர முடியவில்லை. ஓட்டுநர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியேறியதில் கதவுகள் மூடியபடியே இருந்தன. இறந்த 192 பேரில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது ரயிலில் இருந்தவர்கள். தீ பற்றியது அந்த ரயிலில் அல்ல. அதை முந்தைய நிலையத்திலேயே பிடித்து வைத்திருந்தால் அவர்களில் யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது.

2005 ஜூலை 7, மறுபடியும் லண்டன். காலை 8.50 வாக்கில் சுரங்க ரயில்களில் மூன்று குண்டுகள் ஒரு நிமிடத்துக்குள் வெடித்தன. முதலில் அதை மின் கோளாறு என்றே நினைத்தார்கள். வெடிப்புகள் நிலையங்களுக்கு நடுவே நடந்ததால் காயம்பட்டவர்கள் இரண்டு பக்க நிலையங்களிலும் வெளியே வந்தார்கள். அதனால் ஆறு இடங்களில் வெடித்ததாகவும் ஒரு கணக்கு ஓடியது. இதற்கு அங்கே இருந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பார்வையில்லாத ஒருவர் யானையைத் தடவிப் பார்ப்பதுபோல, ஒவ்வொரு டெஸ்க்குக்கும் ஒரு துண்டுதான் கிடைக்கும். துண்டுகளைச் சேர்த்துப் பார்க்க ஒருவர் தனியாக நிற்க வேண்டும். அது மேற்பார்வையாளர்.

2015 ஜனவரி 12, வாஷிங்டன் மெட்ரோ. லான்ஃபான்ட் பிளாசா நிலையம் அருகே மின்தீப்பொறியால் சுரங்கம் புகையால் நிரம்பியது. ஒரு ரயில் உள்ளே மாட்டிக்கொண்டது. மின்விசிறிகள் இயக்கப்பட்ட விதம் புகையை அந்த ரயில் பக்கமே இழுத்தது. ஒரு பயணி இறந்தார், பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. புகை என்று தகவல் வந்தால் பயணிகள் ஏறியிருக்கும் ரயிலையே அனுப்பி 'என்னவென்று பார்' என்று சொல்லும் பழக்கம் அங்கே இருந்திருக்கிறது.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்ட விதி எளிமையானது. புகை, தீ, வெடிச்சத்தம், தண்டவாளத்தில் ஆள் என்ற நான்கில் எது காதில் விழுந்தாலும், அந்த இடத்துக்கு அடுத்து வரப்போகும் வண்டியை முதலில் பிடி. பிறகு விசாரி. பொய்த்தகவல் என்று தெரிந்தால் சில நிமிடத் தாமதத்தோடு போகும். அந்தத் தாமதத்துக்காக எந்த ஆபரேட்டரையும் கடிந்துகொள்ளாதீர்கள். ஒருமுறை கடிந்துகொண்டால் அடுத்த முறை அவர் உறுதிக்காகக் காத்திருப்பார்.

ஒரு எச்சரிக்கை. 'பிடி' என்றால் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் நிறுத்துவது என்று பொருள் இல்லை. சுரங்கத்தின் நடுவே நிற்கும் ரயில் தனியாக ஒரு ஆபத்து. வழி தெளிவாக இருந்தால் அடுத்த நடைமேடைக்குக் கொண்டுவந்து, கதவைத் திறந்துவைத்து நிறுத்துவதுதான் பெரும்பாலும் சரி. எந்த வண்டியை எங்கே நிறுத்தலாம் என்ற வரைபடம் அமைதியான நாளிலேயே டெஸ்க்கில் ஒட்டியிருக்க வேண்டும்.

ஒரு நாற்காலிக்கு எத்தனை பேர் வேண்டும்? மேலிடம் நாலு பேர் போதும் என்கிறது.

கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு நாற்காலி வருடத்துக்கு 8,760 மணி நேரம் நிரம்பியிருக்க வேண்டும். ஒருவர் வாரம் ஐந்து நாள் வேலை என்றால் வருடத்தில் 261 நாள். விடுப்பு, பண்டிகை, நோய், பயிற்சி என்று 36 நாள் கழித்தால் 225 நாள். நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 1,800 மணி நேரம். அதில் முக்கால் மணி நேரம் இடைவேளையைத் தினமும் கழித்தால் சுமார் 1,630. ஆக 8,760-ஐ 1,630-ஆல் வகுத்தால் ஐந்துக்கு மேல், ஏறத்தாழ 5.4 வருகிறது. நாலு பேர் என்பவர்கள் விடுப்பையும் இடைவேளையையும் மறந்துவிட்டார்கள். மீதியை ஓவர்டைம் என்ற பெயரில் உங்கள் ஆட்களின் தூக்கத்திலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எத்தனை நாற்காலி வேண்டும் என்பதைச் சராசரி அழைப்புகளை வைத்து முடிவு செய்யக் கூடாது. அழைப்புகள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக வருவதில்லை, கொத்தாக வரும். டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் என்ற கணித அறிஞர் தொலைபேசி நிலையங்களுக்காக 1917-இல் வெளியிட்ட சூத்திரங்கள் இதைத்தான் கணக்கிடுகின்றன. இன்றைய கால் சென்டர்களின் ஆள்கணக்கும் அதை ஒட்டியதுதான்.

எட்டு மணி நேர ஷிஃப்ட் நல்லதா, பன்னிரண்டா?

பன்னிரண்டில் விடுமுறை நாட்கள் அதிகம் கிடைப்பதால் ஆட்களுக்குப் பிடிக்கும். கடைசி மூன்று மணி நேரம் கவனம் தேய்வதால் எனக்குப் பிடிக்காது. எதுவானாலும் ஷிஃப்ட் முன்னோக்கிச் சுழலட்டும்: காலை, மாலை, இரவு என்று. நம் உடலின் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமானது. ஆகையால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னுக்கு இழுப்பது கடினம். இரண்டு ஷிஃப்ட்டுகளுக்கு நடுவே குறைந்தது 11 மணி நேரம் இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைநேரச் சட்டம் ஒரு நாளுக்குக் கேட்கும் குறைந்தபட்ச ஓய்வும் அதுவே.

விடியற்காலை 3 மணிக்கு எல்லோரும் தூங்கி வழிகிறார்கள். கண்டிப்பதா?

கண்டித்துப் பயனில்லை. அந்த நேரத்தில் உடல் வெப்பம் நாளின் அடிமட்டத்தை நெருங்கும், மூளையும் கூடவே இறங்கும். மனஉறுதி எவ்வளவு இருந்தாலும் இது நடக்கும். அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுஉலை விபத்து 1979-இல் அதிகாலை 4 மணிக்குத் தொடங்கியது. செர்னோபில் 1986-இல் நள்ளிரவு தாண்டி 1.23-க்கு வெடித்தது. இரண்டுக்கும் தூக்கம்தான் காரணம் என்று சொல்லவில்லை, அவற்றுக்கு ஆழமான காரணங்கள் உண்டு. ஆனால் ஒரு சிக்கலை அவிழ்க்க மனிதனுக்கு மிக மோசமான நேரம் எது என்று கேட்டால், அது.

நான் செய்வது இவ்வளவுதான். 2.30-க்கும் 5-க்கும் நடுவே யாரும் ஒரே டெஸ்க்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது, மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒயர்லெஸ் சோதனை, அவசர போன் சோதனை, கேமரா சரிபார்ப்பு போன்ற கை வேலைகளை அந்த நேரத்துக்கு வைப்பேன். விளக்கை மங்கவிட மாட்டேன். நானே எழுந்து நடந்து, ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்பேன்: "இப்போது இந்தச் சுரங்கத்தில் புகை என்றால் முதல் போன் யாருக்கு?" ஆள் பலம் இருந்தால், முறைப்படி அனுமதித்த 20 நிமிடக் குட்டித்தூக்கம் நல்ல மருந்து. எழுந்த உடனே டெஸ்க்கில் உட்காரவைக்காதீர்கள், தெளிய ஒரு கால் மணி நேரம் கொடுங்கள். யாருக்கும் தெரியாமல் நாற்காலியில் தூங்குவதைவிட, எல்லோருக்கும் தெரிந்து ஓய்வறையில் தூங்குவது பாதுகாப்பானது.

ஷிஃப்ட் முடிந்து அவர் வீட்டுக்கு எப்படிப் போகிறார் என்றும் கேளுங்கள். இரவு முழுதும் விழித்தவர் காலையில் வண்டி ஓட்டுவது, நாம் இரவெல்லாம் தடுத்துக்கொண்டிருந்த அதே ஆபத்துதான்.

நூற்றுக்கணக்கான கேமராக்கள் இருக்கின்றன. ஒருவரால் பார்க்க முடியுமா?

முடியாது. இதை 1940-களிலேயே சோதித்துவிட்டார்கள். ரேடார் பார்ப்பவர்கள் ஏன் இலக்குகளைத் தவறவிடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க, நார்மன் மேக்வொர்த் என்ற ஆய்வாளர் ஒரு முள் மட்டும் உள்ள கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும், அதைக் கண்டதும் பட்டனை அழுத்த வேண்டும். அரை மணி நேரத்துக்குள்ளேயே தவறுகள் கூடின. பயிற்சி பெற்ற, கடமையுணர்வுள்ள மனிதர்களிடமே இப்படி.

ஆகவே சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஆளை உட்காரவைக்காதீர்கள். எங்கே எதற்காகப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்: கடைசி வண்டி போன பிறகு நடைமேடை முனைகள், கூட்டம் கலையும் நேரத்தில் படிக்கட்டு அடிவாரம், இரவில் தனியாகக் காத்திருப்பவர்களின் பெஞ்சுகள். 30 நிமிடத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றுங்கள்.

அலாரம் ஓயாமல் அடிக்கிறது. ஆட்கள் பார்க்காமலே அணைக்கிறார்கள்.

அது ஆட்களின் குற்றம் இல்லை, அலாரத்தின் குற்றம். த்ரீ மைல் ஐலண்டில் முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட அலாரங்கள் ஒன்றாக அலறின. எது முக்கியம் என்று தெரியவில்லை. சாதாரண நேரத்தில் ஓர் ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் வந்தால் அதிகம் என்பது தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அறைகளில் புழங்கும் அளவுகோல். ஒரு வாரப் பதிவை எடுத்து எண்ணிப்பாருங்கள். அடிக்கடி பொய்யாக அடிப்பவை பெரும்பாலும் நாலைந்து கதவுகளும் ஒன்றிரண்டு புகை உணரிகளுமாகவே இருக்கும். அவற்றைப் பழுதுபார்க்கச் சொல்லி எழுதுங்கள், சரியாகும்வரை விடாதீர்கள். அதுவரை பார்க்காமல் அணைப்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள்.

ஒயர்லெஸில் எப்படிப் பேச வைப்பது? எல்லோரும் "சரி, சரி" என்றே முடிக்கிறார்கள்.

அந்தச் "சரி"தான் மிக ஆபத்தான சொல். 1977 மார்ச் 27-இல் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். பனிமூட்டம். புறப்படத் தயாராக நின்ற விமானத்திடம் கோபுரத்திலிருந்து ஒருவர் "ஓகே" என்று தொடங்கி, காத்திருக்கச் சொன்னார். அதே நொடியில் இன்னொரு விமானமும் அதே அலைவரிசையில் பேசியது. இரண்டு குரலும் மோதி ஒரு கீச்சொலியாகி, காத்திருக்கச் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. "ஓகே" மட்டும் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது.

எனவே எங்கள் அறையில் கட்டளைக்குச் "சரி" என்று பதில் வந்தால் அது பதிலாகவே எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. "412, நடைமேடை இரண்டில் நில்லுங்கள், கதவு திறந்திருக்கட்டும்" என்றால், "412, நடைமேடை இரண்டில் நிற்கிறேன், கதவு திறந்திருக்கும்" என்று திரும்பி வர வேண்டும். வந்ததை டிஸ்பாட்சர் காதுகொடுத்துக் கேட்கவும் வேண்டும். தவறாகத் திருப்பிச் சொன்னதைக் கவனிக்காமல் விடுவது அடிக்கடி நடக்கும். எண்களை 'நாலு, ஒன்று, இரண்டு' என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். 'அங்கே', 'அந்தப் பக்கம்', 'பழைய இடத்தில்' போன்ற சொற்களைத் தடைசெய்யுங்கள். ஓட்டுநர் நிற்கும் 'அந்தப் பக்கம்' உங்கள் வரைபடத்தில் எதிர்ப்பக்கமாக இருக்கலாம்.

குரல் மெதுவாகவும் தாழ்வாகவும் இருக்கட்டும். பதறிய ஓட்டுநர் நம் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நிதானத்துக்கு வருவார்.

பாதுகாப்புப் பிரிவு 'மூடு' என்கிறது, இயக்கப் பிரிவு 'ஓட்டு' என்கிறது. யார் சொல்வது செல்லும்?

சம்பவ நேரத்தில் இதைப் பேசித் தீர்க்க முடியாது. எந்த வகைச் சம்பவத்துக்கு யார் தலைமை, எந்தக் கட்டத்தில் தலைமை காவல்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ கைமாறும் என்பது முன்பே எழுதியிருக்க வேண்டும். கலிபோர்னியாவில் 1970-இல் பெருங்காட்டுத்தீக்களை அணைக்கப் பல துறைகள் வந்து ஒன்றோடொன்று பேச முடியாமல் திணறிய பிறகுதான், ஒரு சம்பவத்துக்கு ஒரே தலைமை, ஒரே சொல்வழக்கு என்ற முறை உருவானது. இன்று உலகம் முழுவதும் அதன் சாயல்தான்.

தினசரி உரசல் பெரும்பாலும் கேட்பாரற்ற பையில் வரும். ஒவ்வொரு பைக்கும் நிலையத்தை மூடினால் யாரும் வீடு போய்ச் சேர மாட்டார்கள். பிரிட்டிஷ் போக்குவரத்துக் காவல்துறை சொல்லித்தரும் மூன்று கேள்விகள் இதற்கு நல்லவை. பை மறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா? வெளியே தெரியும் வயர், பேட்டரி, திரவம் என்று பார்த்த மாத்திரத்தில் சந்தேகம் தருகிறதா? அல்லது அந்த இடத்தில் மக்கள் வழக்கமாக விட்டுப்போகும் பொருள்தானா? பார்க்கப் போகும் பணியாளருக்கு இந்த மூன்றையும் டிஸ்பாட்சரே கேட்டு உதவலாம். தொடாமல், நகர்த்தாமல், விலகி வந்து பேச வேண்டும் என்பதையும் சேர்த்து.

டூட்டி ஒப்படைப்புக்கு எவ்வளவு நேரம் தர வேண்டும்?

பதினைந்து நிமிடம், சம்பளத்தோடு. கோட் மாட்டிக்கொண்டே பேசுவது ஒப்படைப்பு ஆகாது.

1988 ஜூலை 6-இல் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். பராமரிப்புக்காக ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த செய்தி அடுத்த ஷிஃப்ட்டுக்குப் போய்ச் சேரவில்லை. இரவில் அவர்கள் அந்தப் பம்ப்பை ஓட்டினார்கள். எனக்கு இது வெறும் ஏட்டுச் செய்தி இல்லை. ஒருமுறை எங்கள் மாலை ஷிஃப்ட்டில் ஒரு நிலையத்தின் அவசர வாசல் பழுதென்று பூட்டப்பட்டதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரவு அதே வாசல் வழியாகப் பயணிகளை வெளியேற்றச் சொன்னேன். அன்று புகை இல்லை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பூட்டிய கதவுக்கு முன் கூட்டம் சேர்ந்துகொண்டே போனதைத் திரையில் பார்த்த அந்த இரண்டு நிமிடத்தை நான் மறக்கவில்லை.

அன்றிலிருந்து நான் கேட்கும் வரிசை மாறவில்லை. என்ன வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது? எது பழுது, எது பூட்டு, எது அணைத்து வைத்திருக்கிறது? தண்டவாளத்தில் யார் வேலை செய்கிறார்கள், எத்தனை மணிவரை? பாதியில் நிற்கும் சம்பவம் எது? 'எல்லாம் நார்மல்' என்ற பதிலை ஏற்காதீர்கள். ஒப்படைக்கிறவரும் வாங்குகிறவரும் அதே டெஸ்க்கில், அதே திரையைப் பார்த்தபடி பேச வேண்டும்.

செல்போனை அறைக்குள் அனுமதிக்கலாமா?

டெஸ்க்கில் கூடாது. 2016 பிப்ரவரி 9-இல் ஜெர்மனியின் பாட் ஐப்ளிங் அருகே ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 12 பேர் இறந்தார்கள். அனுப்பும் பொறுப்பில் இருந்தவர் போனில் விளையாடிக்கொண்டிருந்தார், தவறான சிக்னல் கொடுத்தார். தவறை உணர்ந்து அவசர அழைப்பு விடுத்தபோது, பதற்றத்தில் அது ஓட்டுநர்களுக்குப் போகாத வழியில் போனது. இதில் இரண்டு பாடம் இருக்கிறது. முதலாவது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதை மறந்துவிடுகிறோம்: அவசர அழைப்பு பட்டனைப் பதற்றத்திலும் தவறாமல் அழுத்தும்வரை, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தும்வரை, பயிற்சி தர வேண்டும்.

வீட்டில் நோயாளி, கைக்குழந்தை என்றால் அறையின் பொது எண்ணை வீட்டாரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் கூப்பிட்டால் உடனே டெஸ்க்கை மாற்றிவிடுவேன் என்று வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றுங்கள். போன் தடை அதன்பிறகு யாரையும் உறுத்தாது.

லாக் புத்தகத்தில் எவ்வளவு எழுத வேண்டும்?

நேரம், யார் சொன்னது, என்ன சொன்னது, என்ன முடிவு, யாரிடம் சொல்லப்பட்டது. அனுமானத்தை எழுதினால் அனுமானம் என்று குறிக்கவும். பின்னால் திருத்தினால் பழையதை அழிக்காமல், திருத்திய நேரத்தோடு சேர்க்கவும்.

தண்டவாளத்தில் உயிரிழப்பு. டிஸ்பாட்சர் அதைக் கேமராவில் பார்த்துவிட்டார். என்ன செய்வது?

முதலில் அவரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்புங்கள். "பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். தோளைத் தொட்டு, மாற்று ஆள் உட்கார்ந்த பிறகு வெளியே அழைத்துப் போங்கள். ஓட்டுநரை உடனே விடுவிக்க வேண்டும் என்று எல்லா விதிப்புத்தகத்திலும் இருக்கும். நாலு சுவருக்குள் இருந்து அதையே பார்த்தவரைப் பற்றிப் பல இடங்களில் ஒரு வரியும் இருக்காது. போனில் கடைசிவரை பேசிக்கொண்டிருந்தவர், பதில் நின்றுபோனதைக் காதால் கேட்டவர், காயம்படாதவர் இல்லை.

அவரை உட்காரவைத்து நடந்ததை முழுக்க விவரிக்கச் சொல்லாதீர்கள். அப்படி உடனடியாகக் கிளறுவதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. தண்ணீர், அமைதியான இடம், வீட்டுக்கு ஒரு போன், துணைக்கு ஒருவர். பேச விரும்பினால் கேளுங்கள். தனியாக அனுப்பாதீர்கள். மறுநாள் நீங்களே கூப்பிடுங்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கூப்பிடுங்கள். தூக்கமின்மையும் எரிச்சலும் விடாமல் தொடர்ந்தால் மருத்துவ உதவிக்கு நீங்களே வழிசெய்யுங்கள். விசாரணைக்கு அறிக்கை தேவைதான், அது சில மணி நேரம் காத்திருக்கும். அந்தக் காட்சியின் பதிவை யாரும் ஆர்வத்துக்காகத் திறந்து பார்க்காமல் அன்றே பூட்டிவையுங்கள். போனவர் யாரோ ஒருவருடைய பிள்ளை.

எங்கள் அறையே எரிந்தால்?

மாற்று அறை ஒன்று இருக்க வேண்டும், வேறு கட்டடத்தில், வேறு மின் இணைப்பில். பலரிடம் அது காகிதத்தில் இருக்கிறது. வருடத்துக்கு இருமுறையாவது ஒரு முழு ஷிஃப்ட்டை அங்கிருந்து நடத்திப் பாருங்கள். முதல் முறை போகும்போது கடவுச்சொல் காலாவதியாகி இருக்கும், ஹெட்செட் பொருந்தாது, வரைபடம் பழையதாக இருக்கும். அதையெல்லாம் ஒத்திகை நாளில் தெரிந்துகொள்வதே நல்லது.

தவறு செய்த ஆபரேட்டரை எப்படி நடத்துவது?

தானாக வந்து சொன்னாரா, மறைத்தாரா என்று பிரித்துப் பாருங்கள். மறதியும் தடுமாற்றமும் எல்லோருக்கும் வரும். அவற்றுக்கு ஏற்பாட்டை மாற்ற வேண்டும். தெரிந்தே விதியை மீறி விளையாடியவர் வேறு, அங்கே கண்டிப்பு வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தினால் அடுத்த மாதத்திலிருந்து உங்களிடம் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். பூட்டிய வாசல் சம்பவத்தை நானே போய் எழுதிக்கொடுத்தபோது என் மேலதிகாரி கேட்ட முதல் கேள்வி, "இது மறுபடி நடக்காமல் இருக்க எந்தப் பெட்டியை ஒப்படைப்புத் தாளில் சேர்க்க வேண்டும்?" என்பதுதான். அந்தப் பெட்டி இன்றும் அந்தத் தாளில் இருக்கிறது.

நாளை இரவு பொறுப்பாளராக என் முதல் ஷிஃப்ட். எதில் தொடங்குவது?

அரை மணி நேரம் முன்னால் போங்கள். பகல் தூங்கிவிட்டுப் போங்கள். ஒப்படைப்பை உட்கார்ந்து வாங்குங்கள், பழுதுப் பட்டியலை உங்கள் கையால் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு டெஸ்க்குக்கும் போய்ப் பெயர் சொல்லிப் பேசுங்கள். உங்களைவிட அனுபவம் மிக்க ஒருவர் அங்கே இருப்பார். அவரிடம், இந்த இரவில் எது உங்களுக்குக் கவலை தருகிறது என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக எல்லோருக்கும் கேட்கும்படி இதைச் சொல்லுங்கள்: "புகை, தீ, சத்தம், ஆள் என்றால் என்னைக் கேட்காமலே வண்டியைப் பிடியுங்கள். அதற்கு நான் கையெழுத்துப் போடுகிறேன்."